அத்தியாயம் 4: முடிவெடுக்கவும் ஒரு பட்டம் உண்டு

சேமிப்பைப் பற்றித் தமிழில் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரருக்காக எழுதப்பட்டவை. முதல் தேதி சம்பளம், ஐந்தாம் தேதிக்குள் சேமிப்பு, மிச்சத்தில் குடும்பம் என்று அவை கணக்குச் சொல்லும். ஓமலூரிலோ தாரமங்கலத்திலோ ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு போட்டவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பத்து மாதம் செலவு மட்டும்தான். பிறகு ஒரு வாரத்தில் கிழங்கைப் பிடுங்கி, லாரி ஏற்றி, சேகோ ஆலையில் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்த்து, ஆண்டு வருமானம் மொத்தமும் ஒரே சீட்டில் வந்து சேரும். கரும்பும் மஞ்சளும் அப்படித்தான். அந்தப் பணத்துக்கு முன்னால் உள்ள மாதங்களில் ஒரு மனிதர், பின்னால் உள்ள மாதங்களில் வேறொரு மனிதர் என்று சொல்லும்படியாக வீட்டின் நடப்பே மாறிப்போகும்.

இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான். ஆண்டின் பெரிய பண முடிவுகளைப் பணம் கைக்கு வந்த முதல் மூன்று வாரத்துக்குள் எடுத்து, பின்னால் நாமே நினைத்தாலும் எளிதில் அவிழ்க்க முடியாதபடி கட்டிப்போட்டுவிட வேண்டும். கை காய்ந்த மாதங்களில் எடுக்கும் முடிவுகளின் எண்ணிக்கையையே குறைத்துக்கொள்ள வேண்டும். விதைக்கப் பட்டம் பார்க்கிற நாம், முடிவெடுக்கப் பட்டம் பார்ப்பதில்லை. அதற்கும் பட்டம் உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைத்ததும் தமிழ்நாட்டுக் கரும்புக்காட்டில்தான்.

அதே ஆள், இரண்டு மதிப்பெண்

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் என்ற நான்கு ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் சந்தித்தார்கள். எல்லோரும் வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் கரும்பையே நம்பியிருந்தவர்கள். முடிவு 2013 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது.

முதலில் கடன் நிலவரம். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பின்பு 13. இதில் நமக்கு வியப்பு ஒன்றும் இல்லை. நகை அடகுக்குப் போவதும் மீள்வதும் எந்த ஊர் அடகுக்கடைக்காரருக்கும் மனப்பாடமான பருவநிலை.

வியப்பு அடுத்ததில்தான். இரண்டு முறையும் அவர்களுக்குச் சின்னச் சோதனைகள் வைத்தார்கள். ஒன்று படப்புதிர்: வரிசையாக உள்ள உருவங்களில் விடுபட்ட ஒன்று எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தறிவு தேவையில்லை. இன்னொன்று எண்களை வைத்து: ‘5 5 5’ என்று காட்டினால் வாயில் வரத் துடிப்பது ‘ஐந்து’. ஆனால் எத்தனை எண் இருக்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும், அதாவது ‘மூன்று’. நாக்கை ஒரு நொடி பிடித்துவைக்க முடிகிறதா என்று பார்க்கும் சோதனை இது. படப்புதிரில் அறுவடைக்கு முன் சராசரி 4.35, பின் 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 நொடி, பின்பு 131 நொடி. பிழைகளும் பின்பு குறைந்தன.

ஆள் அதே ஆள். படிப்பு, வயது, நிலம் எதுவும் நான்கு மாதத்தில் மாறிவிடவில்லை. மாறியது கையில் இருந்த பணம்.

‘அது வெயில் காலமாக இருந்திருக்கும், உழைப்பு அதிகமான நேரமாக இருந்திருக்கும்’ என்று தோன்றலாம். இங்கேதான் கரும்பைத் தேர்ந்தெடுத்த சாமர்த்தியம். நெல் என்றால் ஊரே ஒரே நேரத்தில் அறுக்கும். கரும்பை ஆலை தன் அரவைத் திறனுக்கு ஏற்பப் பிரித்துத்தான் வெட்டச் சொல்லும். வெட்டு உத்தரவு ஒருவருக்குத் தை மாதம் வரும், பக்கத்துக் காட்டுக்காரருக்குப் பங்குனியில் வரும். ஆகவே ஒரே நாளில், ஒரே வெயிலில், ஒருவர் அறுவடை முடித்தவர், இன்னொருவர் காத்திருப்பவர். ஆலைக்காரன் இழுத்தடிக்கிறான் என்று நாம் திட்டித் தீர்க்கும் அந்த வரிசை ஆய்வாளர்களுக்கு வரமாகப் போயிற்று. சோதனையை இரண்டாம் முறை எழுதியதால் மதிப்பெண் கூடியதோ என்ற சந்தேகத்துக்கும் இடம் வைக்காமல், சில விவசாயிகளை அறுவடைக்குப் பிறகே முதல் முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள்.

அவர்கள் சொன்ன விளக்கம் இது. கை காய்ந்தவனின் மூளை சும்மா இருப்பதில்லை. ‘சனிக்கிழமை வட்டிக்கு என்ன செய்வது, டீசலுக்கு யாரைக் கேட்பது’ என்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டம் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் கவனத்தில்தான் மற்ற எல்லா முடிவும் நடக்கிறது. இல்லாதவன் புத்தி குறைந்தவன் என்பது வசதியானவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை. இந்த ஆய்வின்படி, அப்படிச் சொல்கிறவரையும் அறுவடைக்கு முந்தைய மாதத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கும் 4.35 தான்.

எதிர்ப்பும் வந்தது. கணக்கு முறையைக் கேள்வி கேட்டு அதே ஆண்டிலேயே அதே இதழில் விமர்சனம் வெளியானது. 2016ல் கார்வால்யோ, மையர், வாங் மூவரும் அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பத்தினரைச் சம்பளத்துக்கு முன்பும் பின்பும் சோதித்தபோது, மூளையின் திறனில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவரின் நெருக்கடியும் பத்து மாதம் காத்திருப்பவரின் நெருக்கடியும் ஒன்றல்ல என்பது என் பதில். ஆனாலும் அந்த முடிவை ஒதுக்க முடியாது. 2022ல் ஜாம்பியா நாட்டு விவசாயிகளைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வு, பஞ்ச மாதங்களில் அவர்கள் பொருளுக்குப் பொருள் மாற்றும்போது கூடுதல் நிதானமாக, கறாராக நடந்துகொண்டார்கள் என்றது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆடி மாதத்தில் சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசுகிற வேகம் தை மாதத்தில் இருக்காது.

விழுப்புரத்தையும் ஜாம்பியாவையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: முடை காலத்தில் கண்ணெதிரே இருக்கும் சிறு கணக்கில் நாம் கூர்மையாகிறோம். ஐந்து மாதம் கழித்து வரப்போகும் கணக்கில் மழுங்குகிறோம். சந்தையில் எட்டு ரூபாய் மிச்சம் பிடித்து வந்த அதே நாளில், மூன்று வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கக் கையெழுத்துப் போடுகிறோம். ஆறு மாதத்தில் வட்டி மட்டும் ஒன்பதாயிரம்.

கோயம்பேடு சொல்லும் பாடம்

கடனை அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

சென்னை கோயம்பேட்டில் காய், பழம் வாங்கி விற்கும் சிறு வியாபாரிகள் பலர் விடிகாலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி, மாலையில் 1,050 ஆகத் திருப்பிக் கொடுப்பார்கள். நாளுக்கு ஐந்து சதவீதம். இது ஊரறிந்த தண்டல் வழக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் ஐந்து ரூபாயை எடுத்து வைத்து, மறுநாள் அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து வாங்கி, அதனால் மிச்சமாகும் வட்டியையும் அதிலேயே போட்டுக்கொண்டு வந்தால், ஏறக்குறைய 50 நாளில் ஆயிரம் ரூபாயும் சொந்தப் பணமாகிவிடும். வட்டி கட்டிய 50 ரூபாய் அன்றிலிருந்து தினமும் வீட்டுக்கு. ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படி யாரும் செய்வதில்லை.

டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் 2007ல் சென்னையிலும், பிறகு பிலிப்பைன்ஸிலும் இத்தகைய வியாபாரிகளில் ஒரு பகுதியினரின் கந்துவட்டிக் கடனை முழுவதுமாக அடைத்துவிட்டார்கள். இனாம், திருப்பித் தர வேண்டியதில்லை. என்ன ஆயிற்று? பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குப் போனார்கள். ஓரிரு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கடன் அடைக்கப்பட்டவர்களும் அடைக்கப்படாதவர்களும் ஒரே அளவில்தான் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஊதாரிகள் என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கடன் பூஜ்யமாகிவிட்டது, சரி, கையிருப்பும் பூஜ்யம்தானே? சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு மொய், பையனுக்குக் காய்ச்சல், ஒரு நாள் மழையில் அழுகிய தக்காளி, இதில் ஏதாவது ஒன்று போதும், மறுநாள் விடிகாலையில் தண்டல்காரர் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

இதிலிருந்து நமக்கு ஒரு கறாரான விதி கிடைக்கிறது. கிழங்குப் பணம் வந்ததும் அத்தனையையும் கடனுக்கே கொடுத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் ரோஷக்காரர்கள் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். ‘கடன்காரன் முகத்தில் முழிக்கக் கூடாது’ என்று வழித்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, இருபதாம் நாள் அதே திண்ணைக்குப் போகிறார்கள். அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். அடைக்கும்போதே இரண்டு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைப் பிரித்து வேறு கணக்கில் போடுங்கள். அதனால் இரண்டு வட்டிக் கடன் ஒன்று கொஞ்ச நாள் கூடுதலாக ஓடினாலும் பரவாயில்லை. அந்த இரண்டு மாதத் தொகைதான் பத்து வட்டிக்கு உங்களைப் போகவிடாமல் தடுக்கும்.

அந்த மூன்று வாரம்

சர்க்கரை ஆலை, கரும்பு வந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. நடப்பது வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மூன்று வாரத்தை வெட்டிய நாளிலிருந்து எண்ணாமல், பணம் கணக்கில் ஏறிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

முதல் வேலை, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அடுத்த பத்து மாதத்தில் தேதி தெரிந்த செலவுகளை ஒரு தாளில் எழுதுவது. ஜூனில் பள்ளி, கல்லூரிக் கட்டணம், ஆடிப் பண்டிகை, தீபாவளி, அடுத்த நடவுக்கு உழவுக்கூலி, உரம். இவற்றில் எதுவும் திடீரென்று வருவதில்லை. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நகைக்கடன் வரிசையில் நிற்கும்போது, கட்டணம் நேற்றுத்தான் அறிவிக்கப்பட்டது போல் பதறுகிறோம். எழுதிய ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக வங்கியிலோ அஞ்சலகத்திலோ டெபாசிட் போடுங்கள். கட்டணத்துக்கானது மே கடைசியில் முதிரட்டும், தீபாவளிக்கானது ஐப்பசிக்கு முன். வட்டி அற்பம்தான். வட்டிக்காக இதைச் செய்யவில்லை. கை வைக்க முடியாமல் செய்வதற்காகச் செய்கிறோம்.

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ பகுதியில் ஒரு கிராம வங்கி, குறித்த தேதியோ குறித்த தொகையோ எட்டும் வரை எடுக்கவே முடியாத கணக்கு ஒன்றைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. கூடுதல் வட்டி ஒரு பைசா இல்லை. தன் பணத்தைத் தானே பூட்டிக்கொள்ள யார் முன்வருவார்கள்? நான்கில் ஒருவருக்கு மேல் முன்வந்தார்கள். ஓராண்டு கழித்து, அந்த வாய்ப்புத் தரப்பட்டவர்களின் சேமிப்பு மற்றவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளி அதிகமாகக் கூடியிருந்தது. நாவா ஆஷ்ரஃப், கார்லன், வெஸ்லி யின் இந்த ஆய்வை 2006ல் வெளியிட்டார்கள்.

நம் ஊரில் அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்துவருவது நகையும் சீட்டும். நகையில் ஒரு பலவீனம் உண்டு: வாங்க நாள் பார்க்கிறோம், அடகு வைக்க அரைமணி நேரம் போதும். விழுப்புரத்து 78 சதவீதம் அதைத்தான் காட்டுகிறது. சீட்டு நல்ல பூட்டு, பதிவு செய்ததாக இருந்தால் மட்டும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டும் பதிவாக வேண்டும். நடத்துகிறவரின் கமிஷன், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘நம்ம மாமாதான் நடத்துறாருங்க’ என்பது பதிவு எண்ணாகாது.

அடுத்தது உரம். கென்யாவில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனதன் ராபின்சன் மூவரும் கண்டது நம் ஊர்க் கதை போலவே இருக்கும். மக்காச்சோள விவசாயிகளுக்கு உரத்தின் பயன் தெரியும், வாங்கும் எண்ணமும் இருந்தது. வாங்க வேண்டிய நேரத்தில் பணம் இல்லை. ஆய்வாளர்கள் அறுவடை முடிந்த கையோடு வீட்டுக்கே போய், ‘இப்போது பணம் கொடுத்தால் நடவு நேரத்தில் இலவசமாகக் கொண்டுவந்து இறக்குகிறோம்’ என்றார்கள். விலையில் தள்ளுபடி இல்லை. உரம் போட்டவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய பாதிப் பங்கு கூடியது. டுஃப்லோவும் கிரெமரும் அபிஜித் பானர்ஜியும் 2019ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். அடுத்த நடவுக்கான அடியுரத்துக்கும் விதைக்குச்சிக்கும் உழவுக்கும் அறுவடைப் பணத்திலேயே பேசி முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடனின் கெடு தேதியையும் இந்தத் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய நாளுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். வட்டியில்லாக் கடனைத் தவறவிட்டு வெளியில் மூன்று வட்டிக்கு வாங்குவதைப் போல் வீண் செலவு வேறில்லை.

மூன்றாவது, மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதலமைச்சரின் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அவசர சிகிச்சைக்கு ஓடும் இரவில் வருமானச் சான்றுக்கு எங்கே அலைவது? ஆற அமர இருக்கும் இந்த வாரத்தில் வாங்கி பீரோவில் வையுங்கள்.

பால் ஊற்றுகிறவர்களுக்கும் பூ பறிக்கிறவர்களுக்கும் சிக்கல் தலைகீழ்: தினம் காசு வரும், மொத்தமாக எதுவும் சேராது. கென்யாவின் கியாம்பு பகுதியில் தினக்காசு தரும் வியாபாரி லிட்டருக்குக் கூடுதல் விலை தந்தும், மாதம் ஒருமுறை பட்டுவாடா செய்யும் சங்கத்துக்கே பலரும் பால் ஊற்றினார்கள். காசு சில்லறையாகக் கைக்கு வந்தால் கரைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் பால் சொசைட்டிப் பணத்தை நேராக வங்கிக் கணக்குக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மண்டிக்காரரிடம் மாதக்கணக்கில் விட்டுவைப்பதும் ஒரு பூட்டுத்தான். சாவி அவரிடம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கை காய்ந்த மாதங்கள்

இந்த மாதங்களுக்கு நான் சொல்வது குறைவு. நிலத்தை விற்பது, ஒத்திக்கு விடுவது, கல்யாணச் செலவுக்கு வாக்குக் கொடுப்பது, இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் போடுவது: இந்த நான்கையும் அறுவடைக்கு முந்தைய மூன்று மாதத்தில் செய்யாதீர்கள். வந்து கேட்பவரிடம் ‘கிழங்கு போகட்டுங்க, பேசிக்கலாம்’ என்று சொல்லுங்கள். நம் ஊரில் அந்தப் பதிலை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

தள்ளிப்போட முடியாத செலவு வந்தால், கடனை ஒருவராகப் போய் வாங்காமல் வீட்டில் இன்னொருவரையும் கூட்டிப் போங்கள். வட்டியை மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று கேட்காமல், அறுவடை வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு, அந்தத் தொகையை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். மாதம் 2,500 என்பதும் ஆறு மாதத்துக்கு 15,000 என்பதும் ஒரே கடன்தான். இரண்டாவது எண் தூக்கத்தைக் கெடுக்கும், கெடுக்கட்டும். குழுக்கடன் கொடுக்க வருகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கி 2022ல் ஒரு வரம்பு வைத்தது: ஒரு வீட்டின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அந்த வீட்டின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் தவணைகளை மறைக்காமல் சொல்லுங்கள். கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கியிருந்தால், குறிப்பிட்ட சில நாளுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் இன்னொரு விதி இடம் தருகிறது. அந்த நாட்கள் எத்தனை என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு விரலை வையுங்கள்.

மாவுப்பூச்சி விழுந்தோ விலை சரிந்தோ அறுவடையே பொய்த்துப்போகும் ஆண்டும் உண்டு. அந்த ஆண்டில் மேலே சொன்ன டெபாசிட்டுகளில் கை வைக்கத்தான் வேண்டும். பண்டிகைக்கானதை முதலில் உடையுங்கள், படிப்புக்கானதைக் கடைசியில்.

இந்த அத்தியாயத்தைக் காட்டில் பயிர் நிற்கும்போது, கையில் காசில்லாத மாதத்தில் படிக்கிறீர்களா? அப்படியானால் இப்போது எதையும் முடிவு செய்யாதீர்கள். பணம் வரும் என்று எதிர்பார்க்கும் மாதத்துக்குக் காலண்டரைத் திருப்பி, முதல் ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பக்கத்தின் எண்ணை மட்டும் எழுதி வையுங்கள்.